ஏழாம் எண்

முதுநகரில் ஏறினால் காலாப்பட்டு வரை
இரண்டு பேருந்து, ஒன்றே முக்கால் மணி நேரம்.
மடியில் கணினி.
பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்தாள்:
"என்ன கோடும்மா இது, பாம்பாட்டம்?"
"ரத்தத்துல ஒரு செல்லு
எப்போ சண்டைக்குக் கிளம்பும்னு கணக்கு."
சிரித்தாள். முந்திரி உடைக்கிறவள்,
தோட்டெண்ணெயில் கறுத்த விரல்கள்.
"எனக்கு ஒத்துக்கிச்சு.
எங்க நாத்தனா தொட்டாலே பொத்துப்போவுது.
அதுக்கும் கணக்கு இருக்கா?"
அதற்குத்தான் என்றேன்.

செல்லுக்கு முகம் தெரியாது.
தொட்டது எத்தனை விநாடி தங்கியது,
அவ்வளவுதான் அதற்குச் சாட்சி.
சட்டென்று விட்டால் சொந்தம், போகட்டும்.
பிடித்துக்கொண்டே நின்றால் அந்நியம்.
இடையில் ஆறு படிகள் வைத்தேன்.
ஐந்தாவதில் பிடி நழுவினாலும்
மறுபடி முதலிலிருந்து:
மஞ்சக்குப்பம் தாலுகா ஆபீசில்
ஐந்து மேசை தாண்டி
ஆறாவதில் ஒரு நகல் இல்லையென்று
வாசலுக்கே திரும்புகிறவர் மாதிரி.
பொய் மனுக்கள் பெரும்பாலும்
அந்த அலைச்சலில் களைத்துப்போகும்.

அதுவும் போதாது.
ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும்,
இரண்டு விசிலுக்குத்தான் கிளம்பும்.
இரண்டாவது சைகை வராத செல்
நின்ற இடத்திலேயே மரத்துவிடும்,
பிறகு எத்தனை ஊதினாலும் அசையாது.
இதற்கு நான் எழுதிய சமன்பாடு பதினோரு வரி.
கண்டக்டருக்கு இரண்டு மூச்சு.

கோரிமேட்டு ஆய்வகத்திலிருந்து
ஃபிலோமின் எண்கள் அனுப்பினாள்.
நோயில்லாத பன்னிரண்டு பேர், பன்னிரண்டு குழாய்.
பதினொன்று என் வளைகோட்டில்
பழகிய இடம்போல வந்து உட்கார்ந்தன.
ஏழு மட்டும்,
அந்நியம் எதுவும் சேர்க்காத கிண்ணத்தில்,
தன்னையே தொட்டுப் பார்த்து
மூன்றாம் மணியில் பற்றிக்கொண்டது.

இரைச்சல் என்றேன்.
கிண்ணம் சரியாகக் கழுவவில்லை என்றேன்.
அவள் கோபப்படாமல் மூன்று தடவை திரும்பச் செய்தாள்.
மூன்று தடவையும் ஏழு.
படிகளை ஆறிலிருந்து நான்காக்கினேன்:
ஏழு அச்சாகப் பொருந்தியது,
மற்ற பதினொன்றும் தீப்பிடித்தன.
ஆறுக்கே திரும்பி
அடிக்குறிப்பில் எழுதினேன்:
பிறழ் புள்ளி, நீக்கப்பட்டது.

வியாழன் இரவு கூப்பிட்டாள்.
"மெகராஜ், ஒண்ணு கேக்கட்டா?
காலையில விரல் மடங்குதா உனக்கு?"

சுபுஹுக்கு ஒளுச் செய்யப் போனால்
குழாய் திருக வரவில்லை, மார்கழியிலிருந்து.
முழங்கையால் திறக்கப் பழகியிருந்தேன்.
குளிர் என்று நினைத்தேன்.
கணினியின் விசைகள் கடினம் என்று நினைத்தேன்.
பன்னிரண்டு பேர் தேறவில்லை என்று
ஜூன் மாதம் சட்டைக் கையை மடித்து
நானும் ஒரு குழாய் கொடுத்தது,
பதிலுக்கு இரண்டு பிஸ்கட் தின்றது,
அப்போதுதான் நினைவு வந்தது.

"பேரைப் பாக்கக் கூடாது, தெரியும்.
மூணு நாள் பாக்காமத்தான் இருந்தேன்" என்றாள்.
அவள் பக்கம் மின்விசிறி சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

அடிக்குறிப்பை அழித்தேன்.
ஏழை அதன் இடத்தில் திரும்ப வைத்தேன்.
அதற்கென்று தனியாக ஒரு மாறிலி: நான்கு.
என் உள்ளே ஏதோ ஒரு ஆபீஸ்
நான்கு மேசையிலேயே முத்திரை குத்திவிடுகிறது,
மனு கொடுத்தவர் வீட்டுக்காரர்தானா
என்று நிமிர்ந்து பாராமல்.
அந்த ஒரு எழுத்தைத் தட்ட
இடது கையால் வலது விரலைப் பிடித்து
நீட்ட வேண்டியிருந்தது.

இன்று கோரிமேட்டுக்குப் போகிறேன், கணினி இல்லாமல்.
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி
ரெட்டிச்சாவடியில் வண்டி நிற்கிறது.
ஒரு விசில் ஆயிற்று.
யாரோ இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.