பாதிக் குழல்

எல் ஆல்தோவின் மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு
"சேஹா, ரியோ செகோ, வீயா அதேலா" என்று
விடியுமுன் ஐந்தரைக்கே கூவத் தொடங்கும் தொண்டை இது.
ஊதுவதா பெரிய கஷ்டம் என்றுதான் போனேன்.
ஞாயிற்றுக்கிழமை. பூட்டிய பள்ளிக்கூடத்தின் பின்முற்றம்.
பதினெட்டுப் பெண்கள், ஒரு முரசு.

முதல் மூன்று வாரம் வெறும் காற்று.
டயரில் ஆணி ஏறினால் வருமே, அந்தச் சத்தம்.
"குழாய்க்குள்ளே ஊதாதே, விளிம்பின் மேலே ஊது,
சூப்பை ஆற்றுகிற மாதிரி"
என்றாள் முரசுக்காரி ஃபௌஸ்தினா.
காலி சோடா பாட்டிலில் பழகினேன்,
சிக்னலுக்குச் சிக்னல்,
டிரைவர் தெயோதோரோ தலையில் அடித்துக்கொள்ள.
நான்காவது வாரம் நாணல் வாயைத் திறந்தது.
ஒரே ஒரு சுரம்.
பிறந்து ஒரு மணி நேரமான லாமாக் குட்டிபோல
நிற்கத் தெரியாமல் நின்றது.
கண் இருட்ட, நான் சுவரைப் பிடித்தேன்.
நாலாயிரம் மீட்டர் உயரம்.
இங்கே காற்றையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

இந்தக் குழலில் ஒரு சூது உண்டு.
முழுதாக அதை ஒருவர் கையில் தரமாட்டார்கள்.
ஏழு குழாய் வைத்த அர்க்கா எனக்கு,
ஆறு குழாய் வைத்த ஈரா இன்னொருத்திக்கு.
என்னிடமுள்ள சுரம் அவளிடம் இல்லை,
அவளுடையது என்னிடம் இல்லை.
நனைந்த கம்பளியை இரண்டு பேர்
எதிரெதிரே நின்று பிழிவார்களே, அப்படித்தான்
ஒரு பாட்டைப் பிழிய வேண்டும்.

எனக்கு வாய்த்த இன்னொருத்தி
ரெமிஹியா லிமாச்சி.
மார்ச் மாதம் என்னிடம்
அறுநூறு பொலிவியானோ கடன் வாங்கியவள்.
அன்றிலிருந்து அதைப் பற்றி
மூச்சு விடாதவள்.

ஈரா முன்னால் போகும், அர்க்கா பின்தொடரும்.
கடன் கொடுத்தவள் பின்னால் ஓடுவது
புதிதா என்ன?
வேண்டுமென்றே அரை நொடி பிந்தி ஊதினேன்.
ஃபௌஸ்தினா முரசை நிறுத்தினாள்:
"மாடிப்படியில் ஒரு படி காணோமே."
ரெமிஹியா என்னைப் பார்க்கவில்லை.
தன் ஆறு குழாயையும் சால்வையில் துடைத்தாள்.

அடுத்த வியாழன் சந்தையில்
எனக்கென்று ஓர் ஈரா வாங்கினேன்.
வீட்டுக்கு வந்து இரண்டு வரிசையையும்
சிவப்புக் கம்பளி நூலால் சேர்த்துக் கட்டினேன்.
பதின்மூன்று குழாய். யாரும் தேவையில்லை.
கதவைச் சாத்தி முழுப்பாட்டையும்
நானே ஊதினேன்.
முதலடி சரி.
இரண்டாமடியில் உதடு மரத்தது.
மூன்றாமடி எங்கே முடிந்ததென்று தெரியாது.
உருளைக்கிழங்கு மூட்டைமேல் கிடந்தேன்.
தகரக் கூரையின் ஆணி ஓட்டைகளில்
பகல், சின்னச் சின்ன நட்சத்திரமாக.
எவ்வளவு நேரமோ.
பிறகு எழுந்து
நூலை அறுத்தேன்.

திருவிழா அன்று ரெமிஹியா தாமதமாக வந்தாள்,
புதுப் பாவாடையில்.
அறுநூறு, என்றது மனசு உடனே.
மேட்டுத் தெரு. முரசு. எதிரே பனிமலை.
அவள் தொடங்கினாள்.
அவள் விட்ட இடத்தில் நான்,
நான் விட்ட இடத்தில் அவள்.
அவள் ஊதும்போது நான் மூச்சு வாங்கினேன்.
வாங்கியதை
அடுத்த சுரத்திலேயே திருப்பிக் கொடுத்தேன்.
அவளும் கொடுத்தாள்.
மேடு முடியும்வரை
யாருக்கும் யாரும் பாக்கியில்லை.
முடிந்ததும்
ஆளுக்கொரு பக்கம் போனோம்.

திங்கட்கிழமை சேஹாவில் பஸ் ஏறினாள்.
கட்டணம் இரண்டு. இருபது நீட்டினாள்.
மீதிக்குக் கை நீட்டவில்லை.
ஐநூற்று எண்பத்திரண்டு என்று
நான் சொல்லவில்லை.
கதவில் தொங்கிக் கூவினேன்:
"சேஹா...
வீயா அதேலா..."
நடுவில் ஓர் இடம் தானாக விட்டுப்போயிற்று.

"ஏம்மா, ரியோ செகோ போகாதா?"
என்று கத்தினார்
வாளியோடு ஓடிவந்த ஒருவர்.