நகரம் தண்ணீர் இறைக்கும் இரவு

இம்மி பிசகாமல் என்கிறோம்.
ஒரு மீட்டரை நம் பழைய வாய்பாட்டில் நறுக்கினால்
இம்மி, மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு.
இகராஷி சிசாதோவின் கூடத்தில்
அது ஒரு மலை.

நாகாவோகா நகரின் வட ஓரம். சன்னல் கிடையாது.
வெளியே ஜனவரி கூரைமட்டத்துக்குக் குவிந்தாலும்
உள்ளே இருபது டிகிரி.
மனித உடம்பு ஒரு நூறு வாட் பல்பு,
பக்கத்தில் போனால் இரும்பு வீங்கும்.
ஆகவே கடைசல் இயந்திரம் தனியே இருக்கிறது,
தெய்வம் மாதிரி அல்ல,
ஒவ்வாமைக்காரர் மாதிரி.

அதன் படுக்கை வார்ப்பிரும்பு.
வார்த்த இறுக்கம் ஆறட்டுமென்று
இரண்டு வருடம் மழையிலும் பனியிலும்
வெட்டவெளியில் போட்டு வைத்தார்கள்.
பிறகுதான் தொகாஷி சுரண்டியை எடுத்தான்.
முப்பத்தொரு வயது, காதில் சத்தமான பாட்டு.
பிடியை இடுப்பில் முட்டுக்கொடுத்து
செஞ்சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும்,
ஒரு தள்ளலுக்கு ஒரு மைக்ரான்.

சமதளம் எதிலிருந்து பிறக்கிறது?
மூன்று கோணல் தட்டுகளிலிருந்து.
இரண்டு தட்டுகள் கூடிப் பொய் சொல்லலாம்:
ஒன்றின் குழியில் மற்றதன் மேடு
கச்சிதமாய் உட்கார்ந்துகொள்ளும்.
மூன்றாவது வந்து இரண்டோடும் உரசும்போது
பொய்க்கு ஒதுங்க இடமில்லை.

இந்தக் குளிர்காலம் ஓர் அலுமினிய ஆடி.
எந்த விண்கலத்தில் ஏறுமென்று
மேலாளர் மெகுரோவுக்கும் தெரியாது.
வைர முனை ஒரே சுருளாய்ப் போய்ச் சேர
ஒன்பது மணி நேரம்.

காலையில் ஒளிக்கோடுகள் வளைந்திருந்தன.
நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி
வளையமாய் ஒரு பள்ளம், முப்பது நானோமீட்டர்.
அவள் நகம் அரை நிமிடத்தில்
அதைவிட அதிகம் வளரும்.
ஆடி தள்ளுபடி.

எண்ணெயைச் சந்தேகித்தார்கள்.
காற்றைச் சந்தேகித்தார்கள்.
தொகாஷி தன் இடுப்பையே சந்தேகித்தான்.
இரண்டாம் ஆடியில் வளையம் வேறு இடத்தில்.
மூன்றாவதில் இல்லை.
அந்த இல்லைதான் அவளைத் தூங்கவிடவில்லை.

விடியுமுன் நடந்து வந்தாள். பனி பிடித்துக்கொண்டது.
சாலை நடுவில் பதித்த குழாய்முனைகள்
இருமின, பிறகு பீச்சின.
நிலத்தடி நீர், பனிக்கு அது வெந்நீர்.
அதில் கரைந்த இரும்பு
தெருவெல்லாம் துருச்சிவப்பு ஏற்றியிருந்தது,
இப்போது அவள் காலணியிலும்.

நின்றுவிட்டாள்.
ஊரே ஒரே நேரத்தில்
தரைக்கடியிலிருந்து இறைக்கிறது.

சரிவுமானியின் பதிவை
பம்புகள் ஓடிய நேரத்தோடு ஒட்டிப் பார்த்தாள்.
பனி பெய்த இரவுகளில் மட்டும்
நிலம் தூக்கத்தில் புரண்டிருந்தது,
யாருக்கும் தெரியாத அளவுக்கு.

"நகராட்சிக்கு எழுதலாமா?" என்றார் மெகுரோ.
என்னவென்று?
எங்கள் ஆடி கோணுகிறது,
ஆம்புலன்ஸ் பனியில் நிற்கட்டும் என்றா?
அவரே சிரித்துவிட்டார்.

பனியைக் கண்டதும் பம்பை எழுப்பும் சிறு கண்
சாலைக் கம்பங்களில் உண்டு.
அதே மாதிரி ஒன்றைக் கூரையில் பொருத்தினாள்.
அது சிமிட்டினால், கீழே காற்று மெத்தைகள்
சாய்வு வருமுன்பே
எதிர்ப்பக்கம் கொஞ்சம் மூச்சிழுத்துக்கொள்ளும்.
முதல் தடவை அளவுக்கு மீறி இழுத்தன,
அந்த ஆடியும் போயிற்று.

ஐந்தாவது ஆடி, வருடத்தின் கொடும்பனி இரவு.
குழாய்கள் விடியும்வரை ஓய்வில்லை.
காலையில் கோடுகள்
பள்ளிக்கூட நோட்டு மாதிரி நேராய்க் கிடந்தன.
ஒருவரும் கைதட்டவில்லை.
குனிந்து முகம் பார்க்கவுமில்லை,
மூச்சு பட்டுவிடும்.

பெட்டி ஏறிப் போனபின்
காலணி அடுக்கில் தன்னுடையதை எடுத்தாள்.
விளிம்பில் சிவப்பு.
தேய்த்தாள், போகவில்லை.
ஆளில்லாத மதிய இடைவேளையில்
அதை அளவுமேசைக்குக் கொண்டுபோய்
துருப்படலத்தின் கனம் பார்த்தாள்.

நம் கணக்கில் சொன்னால்
பதினோரு இம்மி.