சேதம் என்ற கட்டத்தில்

கருங்கல் சந்திப்பிலிருந்து நாலாவது கடை.
கிரைண்டர், ஹேமர் டிரில், மார்பிள் கட்டர், செயின் சா,
நாள் வாடகைக்கு.
போர்டில் கடைசி வரி என் செல் நம்பர்.

ஆதார் நகல் வாங்குவேன். அட்வான்ஸ் வாங்குவேன்.
திரும்பக் கொண்டுவரும்போது
மெஷினைப் பார்ப்பதற்கு முன்
நோட்டில் கையெழுத்துப் போடும் கையைப் பார்ப்பேன்.
ஐந்து.
அப்புறம் மற்றதை,
மேசை விளிம்பில் சும்மா கிடப்பதை.
ஐந்து.
பிறகுதான் அவர்கள் பணத்தை எண்ணத் தொடங்குவேன்.
இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியாது.

ஆள் மறைப்பதை மெஷின் சொல்லிவிடும்.
பிளக்கின் கழுத்தில் வயர் பிய்ந்திருந்தால்
இழுத்துப் பிடுங்கியவன்.
டிஸ்க்கின் ஓரம் பல் போயிருந்தால்
வெட்டுவதை வைத்து உரசப் பார்த்தவன்.
கார்டு கழன்று பையின் அடியில் கிடந்தால்
நேரமில்லாதவன். அவர்கள்தான் அதிகம்.
கண்ணாடி மட்டும்
கொடுத்த கவரோடு அப்படியே வரும்.
ஒரே கண்ணாடியை ஏழு பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.
இன்றைக்கும் புதுசு.

ஐப்பசி மழை விட்ட மறுநாள் றசல் வந்தான்.
திக்கணங்கோட்டில் துபாய்காரர் வீட்டு டைல்ஸ் வேலை.
நாலு இஞ்ச் கிரைண்டரை மேசையில் வைத்தான்,
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல.

டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில்
நீலக் கட்டம் போட்ட துணிப்பந்து.

"என்னதுடே இது?"
"ஒண்ணுமில்லக்கா. லுங்கி."

ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நூலை இழுக்க ஆரம்பித்தேன்.
அவன் பேச ஆரம்பித்தான்.

"கரண்டு போச்சுக்கா. மெஷின தரையில வச்சேன்.
சாயா குடிக்கப் போவணும்லா,
பேன்ட மாட்டிட்டு லுங்கிய அங்கனயே போட்டேன்.
படி எறங்கல. கரண்டு வந்துட்டு."

"சுவிட்ச்?"

றசல் சுவரில் தொங்கிய செயின் சாவைப் பார்த்தான்.

முன்னால் தள்ளினால் பூட்டிக்கொள்ளும் சுவிட்ச் அது.
கரண்ட் போனால் மெஷின் நிற்கும்.
சுவிட்ச் ஆன்லேயே இருக்கும்,
தள்ளிய விரல் மறந்த பிறகும்.

"பட்டி கணக்கா எந்திச்சி ஓடிச்சுக்கா.
புது டைல்ஸ்ல நீளமா ஒரு கோடு.
நேரா போயி லுங்கியக் கவ்விட்டு.
சுத்தி, சுத்தி, மூச்சு முட்டி நின்னுட்டு."
கொஞ்சம் விட்டுச் சொன்னான்:
"நல்லவேள, லுங்கிக்குள்ள நான் இல்ல."

சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன்.
கையில் நூல் வந்துகொண்டே இருந்தது,
இழுக்க இழுக்க,
ஒரு ஆள் இடுப்பைச் சுற்றும் அளவுக்கு,
அதற்கு மேலும்.

நோட்டில் சேதம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
டிஸ்க் ஒன்று.
கார்டு கழற்றியிருக்கிறது.
லுங்கி ஒன்று. உள்ளே ஆள் இல்லை.
டிஸ்க்குக்கு மட்டும் காசு பிடித்தேன்.

கையெழுத்துப் போட்டான். ஐந்து, ஐந்து.
அன்றைக்கு முதல் தடவையாக
பேனாவைக் கீழே போட்டு, எடுக்கிற சாக்கில் குனிந்து
அவன் செருப்பையும் பார்த்தேன்.

ராத்திரி தேங்காய் அரைக்கும்போது கரண்ட் போனது.
அவர் இருட்டில் டார்ச்சைத் தேடினார்.
என் கை மிக்ஸியின் பிளக்கைத் தேடியது.
பிடுங்கினேன்.
பிடுங்கிவிட்டேனா என்று சுவரைத் தடவினேன்,
இரண்டு ஓட்டைகளும் விரலுக்குத் தட்டுப்பட
வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.
"கரண்டுதான் போச்சே, பின்ன என்ன?" என்றார்.
"வரும்லா," என்றேன்.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போது
றசல் நிற்கிறான்.
கோடு விழுந்த டைல்ஸை மாற்ற வேண்டுமாம்,
வீட்டுக்காரர் வீடியோ காலில் பார்த்துவிட்டாராம்.
கார்டை அவன் எதிரிலேயே மாட்டி முறுக்கினேன்.
கண்ணாடியை வாங்கி
கவரோடு சட்டைப் பையில் வைத்தான்.
இடுப்பில் புது லுங்கி. சிவப்புக் கட்டம்.

"பேன்ட் எங்கடே?"
"வீட்ல கெடக்குக்கா. இங்கதான, பத்து நிமிஷம்."

அட்வான்ஸ் அவன் பக்கம் மேசையில் இருக்கிறது.
மெஷின் இன்னும் என் பக்கம்.