பாறை எட்டவில்லை

கூத்தாநல்லூருக்குக் கிழக்கே
வெண்ணாற்றங்கரையில் ஒரு மா திடல்.
நாலு லட்சம் லிட்டர் தண்ணீரை
இருபது மீட்டர் உயரத்தில் தூக்கி வைக்கப்போகிறார்கள்.
அதற்கு முன் மண்ணைக் கேட்டு வா என்று
என்னை அனுப்பினார்கள்.

கேட்பது என்றால் அடிப்பது.
அறுபத்து மூன்றரைக் கிலோ இரும்பு,
முக்கால் மீட்டர் தூக்கி, கைவிட வேண்டும்.
வேம்பையன் எண்ணுவான்.
ஒண்ணு, ரெண்டு, மூணு.
மூன்றாம் அடிக்கே ஓரடி இறங்கிவிட்டது குழாய்.
"வெண்ணெய், மேடம்."
கருங்களி. அதன்கீழ் பொடிமணல்,
மணலில் கிளிஞ்சல் துணுக்கு, மறுபடி களி.
பதினாறு மீட்டரில் ஒரு மரத்துண்டு வந்தது, கறுத்து,
எந்த வெள்ளத்தில் எந்தக் கரையிலிருந்து முறிந்ததோ,
இன்னும் ஈரமாக.

முப்பதாவது மீட்டரில் நிறுத்தினோம்.
பாறை வந்ததால் அல்ல.
விதி அதோடு முடிகிறது, காசும்.

திருச்சியில் பாறை கடைத்தெருவிலேயே நிற்கிறது.
தலையில் பிள்ளையாரை உட்காரவைத்து
படி வெட்டி ஏறிப் பார்த்துவிட்டு வருகிறோம்.
கிழக்கே வர வர அந்தக் கல்தரை முங்கிப்போய்
இங்கே எங்கோ கீழே கிடக்கிறது.
எண்ணெய்க்குத் துளைத்தவர்கள்
கிலோமீட்டரில் சொல்வார்கள்.

நிலநடுக்க வரைபடத்தில் இந்த ஊர்
வெளிர் நிறம்.
அது பாறைக்குச் சொன்ன நிறம்.
பாறை சொன்னதை மண் அப்படியே சொல்வதில்லை.
அதற்கும் அட்டவணையில் ஒரு வரி உண்டு:
மென்மண் என்றால் இத்தனையால் பெருக்கு.
முப்பது மீட்டர் மண்ணுக்கும்
மூவாயிரம் மீட்டர் மண்ணுக்கும்
ஒரே பெருக்கல்.

இரவு அதிர்வுமானியைக் குழியில் புதைத்துவிட்டு
பக்கத்து வீட்டு மோட்டாரை நிறுத்தச் சொன்னேன்.
சபுரா பீவி நிறுத்தினார். "என்ன கேக்குது?"
"மன்னார்குடி பஸ். உங்க மாடு. கடல்."
"பஸ்ஸும் மாடும் எனக்கும்தான் கேக்குது."

ஊர் ஓய்ந்தபின்
திரையில் ஒரே ஒரு மேடு மிஞ்சியது.
மிக மெதுவான ஆட்டம்,
போய்வர நாலு நொடிக்குக் கொஞ்சம் குறைவு.

நோன்பு மாதம். ஸஹருக்கு எழுந்தவர்
தட்டில் கடற்பாசி கொண்டுவந்தார்.
தட்டு அலுங்காமல்தான் நடந்தார்.
அதன்மேல் அது ஆடிக்கொண்டே வந்தது,
இளஞ்சிவப்பாய், விளிம்பு வரை.
அவர் நின்ற பிறகும் அது நிற்கவில்லை.
"சாப்பிடத்தானே கொடுத்தேன், என்ன பாக்குறீங்க?"

மண் மெத்தை, தாங்கிக்கொள்ளும் என்பார்கள்.
பாதி சரி.
படபடவென்று வரும் அதிர்வை
ஆழத்து மண் வழியிலேயே விழுங்கிவிடும்,
ஓட்டுவீடுகள் அவ்வளவாக அறியா.
மெதுவாய் வருவதை மட்டும் விடாது.
மேலே கனமாய், நிதானமாய் ஆடக்கூடியது எதுவோ
அதைத் தேடிப் போய்ப் பிடிக்கும்.
கூட்டவும் செய்யும், கழிக்கவும் செய்யும்.
இங்கே எது எவ்வளவு?
என்னிடம் ஓர் இரவின் பதிவு இருக்கிறது, அவ்வளவுதான்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தேடினேன்.
அவரே சொன்னார்:
"சுனாமி அன்னிக்குக் காலைல
குளத்துல பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன்.
தண்ணி தானா ஏறி முட்டியைத் தொட்டுச்சு,
இறங்குச்சு, திரும்ப ஏறுச்சு.
தரை ஆடுனதா எனக்குத் தெரியல."

விடிந்ததும் அறிக்கை.
'பாறையின் ஆழம்' கட்டத்தில்
எட்டவில்லை என்று எழுதினேன்.
கணினி ஏற்கவில்லை. எண் வேண்டுமாம்.
முப்பது என்று போட்டால் ஏற்கும். தெரியும்,
பதினோரு அறிக்கைகளில் போட்டிருக்கிறேன்.

கும்பகோணத்துக்குப் போன் செய்தேன்.
தொட்டி நிறைந்திருந்தால்
தண்ணீர் ஒருமுறை அலம்பிவர எத்தனை நொடி?
பிரிட்டோ கணக்குப் போட்டான்.
"மூன்றரை."
அப்புறம் இரண்டு பக்கமும் பேச்சில்லை.
"திருப்பிப் போட்டா ரெண்டு வாரம் ஆகும்," என்றான்.
"பில் நிக்கும்."
நிக்கட்டும் என்றேன்.

வேம்பையன் குழியை மூடிக்கொண்டிருந்தான்.
எடுத்த மண்ணையெல்லாம் போட்டும்
ஒரு சாண் குறைந்தது.