முதலில் பென்சில்

மதிப்பெண்ணை முதலில் பென்சிலால் போட வேண்டும்.
மூவரும் ஒத்துப்போன பிறகுதான் பேனா.
விதியில் இல்லை இது.
கொம்தாரின் பதினாறாவது மாடியில்
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்
விட்டுப்போன பழக்கம்,
பாதி தேய்ந்த ஒரு ரப்பரோடு.

ஒரே ஓர் இடம்.
நீரேற்று நிலைய உதவியாளர். நிரந்தரம். பென்ஷன் உண்டு.
விண்ணப்பம் அறுநூற்றுப் பன்னிரண்டு.
கணினி சலித்துத் தந்தது முப்பத்தொன்றை.
பசியாறும்போதே துவான் ருஸ்லான் சொன்னார்:
"எல்லாரும் நல்ல பிள்ளைகள். அதுதான் தொந்தரவு."

பதினான்காவது ஆள்
நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்தார்.
நரசிங்கம், தகப்பன் பெயர் அப்பளசாமி, வயது நாற்பத்து மூன்று.
சட்டை இரவல்; காலரில் வேறொருவரின் கழுத்தளவு.
பதினோரு வருடமாக அதே நிலையத்தில்,
அதே பம்புக்குப் பக்கத்தில், கொந்த்ராக்கில்,
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
புதிதாக வேலைக்குச் சேருகிறவர்.

மாநகர் மன்றத்தின் இலட்சிய வாசகம் என்ன?
மிஸ் ஊய் கேட்டார்.
அவர் கூரையைப் பார்த்தார். அங்கே எழுதியிருக்கவில்லை.
குழுவாக வேலை செய்வது பற்றிச் சொல்லுங்கள்.
"ராத்திரியில் நான் ஒருத்தன்தான், துவான்."
பென்சில்கள் நகர்ந்தன.

அவருடைய மலாய் சந்தை மலாய்,
வினைச்சொல்லெல்லாம் ரப்பர் பூட்ஸ் போட்டு நடக்கும்.
தமிழில் ஒரு வாக்கியம் கேட்டிருந்தால்
எத்தனையோ சொல்லியிருப்பார்.
கேட்கக் கூடாது.
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்து
மலாயிலேயே முடித்தேன்:
எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
"இன்றைக்கு அமாவாசை.
பன்னிரண்டரைக்கெல்லாம் கடல் மேலே வந்துவிடும்.
மலைப் பக்கம் கறுத்திருக்கிறது.
கதவை இறக்காவிட்டால் ஜெலுத்தோங்கில்
கடல் ஆற்றுக்குள் ஏறும்.
நான் போகலாமா?"

நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

மனப்பாங்கு என்ற கட்டத்தில்
மிஸ் ஊய் எழுதினார்: பொறுமை போதாது.
அவர்மேல் தப்பில்லை.
காத்திருக்கத் தெரிந்தவர்களையே
காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மணிக்கு மழை இறங்கியது.
பதினாறாவது மாடியில் மழைக்குச் சத்தமில்லை.
நாசி கண்டார் பொட்டலத்தைப் பிரித்தோம்.
ஜெலுத்தோங்கிலிருந்து புகார் அழைப்பு
ஒன்றும் வரவில்லை.
வராத அழைப்பை எந்தக் கட்டத்தில் போடுவது?

பிறகு ஃபத்திஹா வந்தாள்.
டிப்ளோமா. பம்பின் வரைபடத்தைத்
தன் பக்கமிருந்து தலைகீழாகப் போட்டாள்,
எங்களுக்கு நேராகத் தெரியும்படி.
அப்பாவுக்கு டயாலிசிஸ் என்பதைக் கேட்டபோதுதான் சொன்னாள்.
அவளிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.
தேடினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாலையில் கூட்டல்.
அவளுக்கு எழுபத்தெட்டு. அவருக்கு எழுபத்து மூன்று.
மூவரின் சராசரி; நான் ஒருத்தி நினைத்தால்
பதினைந்து ஏற்ற வேண்டும்.
ரப்பர் கைக்கெட்டும் தூரத்தில்.
கண்ணாடிக்கு வெளியே பட்டர்வொர்த் ஃபெர்ரி
யாரிடமும் எதுவும் கேட்காமல்
எல்லாரையும் ஏற்றிக்கொண்டிருந்தது.

என் பெயருக்கு எதிரிலும் ஒரு நாள்
யாரோ பென்சில் பிடித்திருப்பார்கள்.
எதையாவது அழித்தார்களா, தெரியாது.
தெரிந்துகொள்ள நான் முயன்றதில்லை.
பேனாவை எடுத்தேன்.

'வருந்துகிறோம்' என்று தொடங்கும் கடிதம்
நாலு வருடம் முன்பு நானே எழுதியது.
முப்பது உறைகள். ஒன்றை மட்டும்
இரண்டு தடவை ஒட்டிப் பார்த்தேன், ஒட்டியிருக்கிறதா என்று.

அடுத்த மாதம் நிலையத்திலிருந்து ஒரு பாரம்:
புதியவர் பழகும்வரை
பழையவர் இன்னும் ஆறு மாதம் வேண்டும்.
இரண்டே வரி. கட்டங்கள் இல்லை.
இலட்சிய வாசகம் இல்லை.
அடியில் சின்ன எழுத்தில்: நேர்முகம் தேவையில்லை.

நேராகப் பேனாவாலேயே கையெழுத்திட்டேன்.
தேதி போடத்தான் நாள்காட்டியைத் திருப்பினேன்.
பௌர்ணமிக்கு இரண்டு நாள்.