மைனஸ் பதினெட்டு

அந்த ஊர்ப் பெயரில் ஓ எழுத்தின் குறுக்கே
ஒரு கோடு கிழித்திருக்கிறது.
"தப்பா எழுதிட்டு அடிச்சிட்டாங்களா?"
என்கிறாள் மாதம்மா, என் ஓரகத்தி.
வீட்டில் எனக்கு இளையவள்
தூண்டிலில் மூத்தவள்.

வடக்கே போக
வரைபடத்தைக் கீழே இழுக்க வேண்டும்.
கிருஷ்ணகிரி அணை கைப்பேசியின் அடியில் நழுவிப் போகிறது.
இழுக்கிறோம், இழுக்கிறோம்,
கட்டைவிரல் தேய்ந்த பிறகு நார்வேயின் தலைமாடு.
எலி கடித்த புடவைக் கரை மாதிரி ஒரு கரை.
குளிர்காலத்தில் அங்கே காட் மீன் வருமாம்.
மோவாயில் ஒற்றை மயிர் தொங்குகிறது அதற்கு.
"நம்ம வி.ஏ.ஓ. மாதிரி" என்றாள்.

கூழ் ஆலையில் நான் இனிப்பு அளவு எழுதும்
பழைய பதிவேட்டின் பின்பக்கத்தில் கணக்கு:
பெங்களூரா மாம்பழம் மூன்று சீசன், ஓவர்டைம்.
சீட்டு இரண்டு.
கறவை மாடு ஒன்று
(எது என்று முடிவாகவில்லை,
தொழுவத்தில் இதைப் பேசுவதில்லை).
வீட்டில் போர்வெல் என்று சொல்லியிருக்கிறோம்.
எத்தனை அடி போகும் என்று கேட்டார் என்னவர்.
"ஆழமாத்தான் போகணும் மாமா" என்றாள் மாதம்மா
சோற்றிலிருந்து தலை தூக்காமல்.

விசா படிவம் கேட்கிறது, பயணத்தின் நோக்கம்.
சுற்றுலா, வணிகம், படிப்பு, உறவினரைப் பார்க்க.
மீனுக்குக் கட்டம் இல்லை.
உறவினரை டிக் அடி என்கிறாள்.

மே மாதம் இரண்டாம் வாரம், வெளியே நாற்பது டிகிரி.
ஓசூரில் பழைய விலைக்கு வாங்கிய ஜாக்கெட்டுகளோடு
ஆலையின் குளிர் அறை வாசலில் நின்றோம்.
ஷிப்டு ஆபரேட்டர் நவாப் ஜான்
எங்களையும் தூண்டில் கம்புகளையும் மாறி மாறிப் பார்த்தான்.
"இருபது நிமிஷம்க்கா. அதுக்கு மேல
நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் கதவைத் திறந்துடுவேன்."

மைனஸ் பதினெட்டு.
மாம்பழத் துண்டுகள் உறைந்திருக்கும் பெட்டிகள் கூரைவரை,
நடுவில் சந்து.
அதற்குள் வீசினோம்.
முள்ளில் இருந்த களி உருண்டை
தரையில் விழுந்து கல்லைப் போலச் சத்தம் போட்டது.
மாதம்மா முடிச்சைத் திருத்தப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை.
மறுபடி. மறுபடி.
இருட்டில் ஒரு கையால் முள் கட்டுகிறவள்.
அவள் மூச்சு வெள்ளையாய் வந்து
அவள் முகத்தையே மறைத்தது.

பதினோராவது நிமிடத்தில் எனக்குப் பயம் வந்தது.
அங்கே போயும் இவ்வளவுதானோ?
வெள்ளை, சத்தமின்மை, வலிக்கிற காது.
இதற்கா ஒரு மாடு?

அப்போது நரம்பு அதிர்ந்தது.

கம்ப்ரசர்தான். தரை வழியாக ஏறி வருகிறது.
எனக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரியும், அவள்தான் சொன்னாள்,
"அசையாத. மோந்து பாக்குது."
இரண்டு பேரும் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றோம்
நவாப் ஜான் கதவைத் தட்டும் வரை.
தட்டியும் கொஞ்ச நேரம்.

ஞாயிற்றுக்கிழமை அணைக்குப் போனோம், வழக்கமான பாறை.
முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம் இல்லாத மீனை
அந்த ஊரில் திருப்பி விட்டுவிட வேண்டுமாம், சட்டம்.
தன் கம்பில் அந்த நீளத்துக்கு
நகப்பூச்சால் கோடு போட்டு வந்திருந்தாள்.
முதல் ஜிலேபியை வைத்து அளந்தாள். பாதி.
தண்ணீரில் விட்டாள்.
இரண்டாவது, பாதிக்குக் கொஞ்சம் மேல். விட்டாள்.
"அடியே, ஜிலேபி எந்தக் காலத்துலடி இவ்ளோ வளரும்?"
"பழகணும்க்கா."
பதினான்கு மீன்.
எதிர்க்கரையில் வலைக்காரர்கள்
கையை நெற்றியில் வைத்து எங்களைப் பார்த்தார்கள்.

அன்று குழம்புக்குக் கத்திரிக்காய்.
ஏன் என்று அண்ணனும் கேட்கவில்லை தம்பியும் கேட்கவில்லை.
போர்வெல் லாரி எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்கள்.