குப்புற

ஊதாப் பேனாவால்தான் எப்போதும் கோடு.
மார்ச்சில் அது பெருவிரலின் அடியில் நின்றது.
ஜூனில் பாதத்தின் நடுவே.
நவம்பரில், முழங்காலுக்கு ஒரு சாண் கீழே,
கெண்டைச் சதையைச் சுற்றி
டாக்டர் யூராசிச் அதை இழுத்தபோது
நிபால்தோ ஓயார்சோ கேட்டார்:
"அடுத்த துறைமுகம் எது?"
"முழங்காலை உங்களிடமே விட்டுவிடுகிறேன்" என்றாள்.
தொடையில் வெட்டினால்
ஒவ்வோர் அடிக்கும் கூடுதல் மூச்சு வேண்டும்.
சர்க்கரையும் சிகரெட்டும் தின்றது போக
அவரிடம் அவ்வளவு மூச்சு இல்லை.

புந்தா அரீனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருவோரம் கயிறு கட்டுவார்கள்,
பிடித்து நடக்க.
அது இரண்டு கால் உள்ளவர்களுக்கு.

மூன்றாம் நாள்
முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை.
எர்மீனியா வைத்தது. இதமாய் இருக்கிறதாம்.
உருவினேன்.
தட்டில் இருந்த சோற்றைப் பிடுங்கியவளைப் போல
என்னைப் பார்த்தாள்.
மடங்கிய மூட்டு மடங்கியே இறுகிவிடும் அம்மா,
பிறகு செயற்கைக் காலில் நிற்க முடியாது என்றேன்.
தலையாட்டினாள்.
மத்தியானம் தலையணை அங்கேயே இருந்தது.
உருவினேன்.

"இருபது நிமிஷம் குப்புறப் படுங்கள். இடுப்பு நிமிரட்டும்."
"மாட்டேன்."
"வலிக்கிறதா?"
"குப்புறக் கிடந்து நான் பார்த்தவர்கள் எல்லாம்
தண்ணீரில் கிடந்தார்கள்."
ஒரு பெயர் சொன்னார்.
தம்பியா, படகில் கூட வந்தவனா, கேட்கவில்லை.
அட்டவணையில் எழுதினேன்: நோயாளி மறுத்தார்.
கட்டம் அவ்வளவுதான் கொள்ளும்.

கட்டு மாற்றும்போது மட்டும் பேச்சு வரும்.
எலாஸ்டிக் துணியை எட்டு எட்டாய்ச் சுற்றுகிறேன்,
நுனியில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு.
மாறிப்போனால் நுனி சுரைக்காயாய் உப்பும்.
"என்ன செய்கிறாய்?"
"கால் கட்டுகிறேன்."
"மூட்டை கட்டுகிறாய்."
பிடுங்கித் தானே சுற்றினார்.
நாற்பது வருடம் நண்டுக்கூண்டுக் கயிற்றை இழுத்த கை,
ஒரு மடிப்பு விழவில்லை.
கடைசியில் முடிச்சுப் போடப் போனார்.
முடிச்சு தோலில் பதியும், வேண்டாம் என்றேன்.
முடிச்சில்லாத எதையும் அவர் நம்புவதில்லை.
பிளாஸ்திரி ஒட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிரவு பெருவிரல் அரித்தது.
இந்த வாரம் போன கால் அல்ல,
ஜூனில் போன பாதம் அல்ல,
மார்ச்சில் போன விரல்.
"எங்கே?"
போர்வை தட்டையாய்க் கிடந்த இடத்தைக் காட்டினார்.
மாத்திரை கொடுத்தாகிவிட்டது. விடிய நேரமிருந்தது.
விரிப்பைச் சொறிந்தேன்.
"இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்" என்றார்.

ஐந்தாம் இரவு, நாலு மணி.
மூத்திரம் முட்டி எழுந்தவர்
இல்லாத காலை ஊன்றியிருக்கிறார்.
சத்தம் கேட்டு ஓடினேன்.
தரையில் குப்புற.
அவர் அசையவில்லை. எனக்கு மூச்சு வரவில்லை.
பிறகு தரைக்குள்ளிருந்து வருவதுபோல் குரல்:
"இருபது நிமிஷம் என்றாயே. கடிகாரத்தைப் பார்."

தையல் பிரியவில்லை. காசளவு இரத்தம்.
டாக்டரை எழுப்பினேன், படிவம் நிரப்பினேன்,
கட்டிலின் இரு பக்கமும் கம்பியை ஏற்றினேன்.
படிவத்தில் கேட்டிருந்தார்கள்: விழுந்ததன் காரணம்?
மறந்துவிட்டார் என்று எழுதி
அடித்துவிட்டு
நினைத்துக்கொண்டார் என்று எழுதினேன்.
மேற்பார்வையாளர் திருத்தச் சொன்னாள். திருத்தினேன்.

காலையில் எர்மீனியா வந்தபோது
அவர் குப்புறப் படுத்திருந்தார்,
முகத்தை வலது பக்கம் திருப்பி.
தலையணை நெஞ்சுக்கு அடியில்.
அவள் தலையணையைப் பார்த்தாள், பிறகு என்னை.
நான் உருவவில்லை.

அப்படிப் படுத்ததால்தான் தெரிந்தது
வலது காலின் குதிகால்.
அதில் சிவப்பாய் ஒரு வட்டம்.
கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன்.
வெளுக்கவில்லை.
இது எத்தனை நாளாய் என்று கேட்டேன்.
தூங்கியிருந்தார்.